காத்திருப்போர் சினமும் காக்கவைப்போர் கடனும்

உத்தம தர்மங்கள் பத்தினுள் க்ஷமை எனப்படும் பொறையே முதலில் வைக்கப்பட்டுள்ளது. தசலக்ஷண பர்வம் தொடங்கும் பாத்ரபத சுக்கில பஞ்சமியன்று நம் ஆலயந்தோறும் பேசப்படுவதும் கேட்கப்படுவதும் பொறையைப் பற்றியே. சினம் கொள்ளக் காரணம் இருந்தும், அச்சினத்தைச் செலுத்த வலிமை இருந்தும், அதனைக் கொள்ளாதிருத்தலே க்ஷமை என்று பெரியோர் விளக்கக் கேட்டுத் தலையசைக்கிறோம். கேட்டுவிட்டு ஊர் திரும்பப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, வண்டி அரைமணி நேரம் பிந்தினால் அந்தத் தலையசைப்பு என்னவாகிறது என்பதை இதழ் வாசகர்கள் அறிவார்கள்.

கனடா நாட்டின் தலைநகராகிய ஒட்டாவாவில் பணிபுரியும் நம் சமூகத்துப் பெண்ணொருத்தி விடுமுறையில் வந்திருந்தபோது எம்மிடம் ஒரு வினாவை வைத்தாள். “எங்கள் நகரத்து ரயில் பிந்துகிறது, நிற்கிறது, ஊர்ந்து செல்கிறது. ஊரே கொதித்தது. முறையிடும் கூட்டத்திற்கு என்னையும் அழைத்தார்கள். பொறையை முதல் தர்மமாகக் கொண்ட நான் அந்த வரிசையில் நிற்பது தகுமா, பெரியம்மா?” என்றாள். எளிய வினாப் போலத் தோன்றினும் எளியதன்று. பொறை என்பது எது, பிறர் கடமை தவறுவதற்கு நாம் வழங்கும் ஒப்புதல் என்பது எது, இரண்டினுக்கும் எல்லை எங்கே என்பதே அதன் உள்ளுறை. நம் பிள்ளைகள் பலர் இன்று தொலைதேச நகரங்களில் வாழ்கின்றனர். ஆகவே இதனைச் சற்று விரித்து ஆராய்வது அவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படும்.

முதற்கண் செய்தியை அறிந்துகொள்வோம். இலகு ரயில் என்பது சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டியின் பேத்தி எனலாம். பெருந்தொடர் வண்டியைவிடச் சிறியது; மின்சாரத்தால் இயங்குவது; சில இடங்களில் தனிப்பாதையிலும், சில இடங்களில் சாலையின் நடுவிலும், சில இடங்களில் சுரங்கத்திலும் செல்வது. ஒட்டாவாவில் இத்தகைய தடம் ஒன்று 12.5 கிலோமீட்டர் நீளத்தில், 13 நிலையங்களோடு, நகரின் நடுவே 2.5 கிலோமீட்டர் சுரங்கத்தோடு, ஏறத்தாழ 210 கோடி கனடிய டாலர் செலவில் அமைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் சுரங்கப் பணி நடந்த இடத்தருகே நகரின் முதன்மைத் தெரு ஒன்று உள்வாங்கிப் பெருங்குழி உண்டாயிற்று. அங்கே நிறுத்தியிருந்த ஊர்தியொன்றும் அதனுள் வீழ்ந்தது. நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் இல்லை. 2018இல் ஓடும் என்று சொல்லப்பட்ட ரயில், தவணை மேல் தவணை கடந்து, 2019 செப்டம்பர் 14ஆம் நாள் ஓடத் தொடங்கியது.

தாமதமாக வந்தாலும் நன்றாக வந்தால் மக்கள் மறந்துவிடுவார்கள். அவ்வாறு நடக்கவில்லை. ரயில் தொடங்கிய மூன்று வாரங்களில், அதுவரை அதே வழியில் ஓடிய பேருந்துகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன. பிறகு கதவுகள் கோளாறு செய்தன. குளிர்காலம் வந்ததும் சக்கரங்களின் விளிம்பு தேய்ந்து தட்டையாயிற்று. தடம் மாற்றும் பொறிகள் பனியில் இறுகின. மேல்நிலை மின்கம்பி அறுந்தது. 2021 ஆகஸ்ட் 8ஆம் நாள் பயணியரின்றிச் சென்ற வண்டியொன்று அச்சின் தாங்கி பழுதுற்றுத் தடம் புரண்டது. அடுத்த மாதம் 19ஆம் நாள் பயணியரோடு சென்ற வண்டியொன்று தடம் புரண்டது. பழுது பார்த்தபின் போல்ட்டுகளை உரிய அளவு முறுக்காமல் விட்டதே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அதன்பின் 54 நாட்கள் ரயிலே ஓடவில்லை. 2023ஆம் ஆண்டு கோடையிலும் தாங்கிகளில் கோளாறு கண்டு நான்கு வாரங்கள் நிறுத்தினர். சுழியத்திற்குக் கீழே 20 பாகைக் குளிர் நிலவும் ஊரில், நடைமேடையில் நிற்கும் மனிதரை எண்ணிப் பார்ப்போமாக.

நம் ஆகமத்தில் ஓடுதற்குத் துணையாவது தர்ம திரவியம், நிற்றற்குத் துணையாவது அதர்ம திரவியம் என்று படித்திருக்கிறோம். மீனுக்கு நீர் போலவும் வழிநடப்போனுக்கு மரநிழல் போலவும் அவை உதவும். ஒட்டாவா ரயிலுக்கு நிழல்தான் மிகுதியாகக் கிடைத்தது போலும் என்று அப்பெண் நகைத்தாள். நகைப்பில் ஒரு நுட்பம் உண்டு. நீர் மீனை நீந்துமாறு ஏவுவதில்லை. நிழல் வழிப்போக்கனை அமருமாறு இழுப்பதில்லை. ஓட்டத்திற்கும் நிலைக்கும் காரணம் ஓடுவோரிடத்தும் நிற்போரிடத்துமே உள்ளது. ஆகவே குளிரையும் பனியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மனிதர் நழுவ முடியாது. ஒட்டாவாவில் பனி பெய்யும் என்பது தண்டவாளம் இடுவதற்கு முன்பே எல்லாரும் அறிந்த செய்தியன்றோ?

இனி வினாவிற்கு வருவோம். “நம் முனிவர்கள் காலால் நடந்தே நாடு சுற்றுகிறார்கள். பொன்னூர் மலைக்கு விஹாரமாக வரும் திகம்பர முனிகள் ஊர்தியில் ஏறுவதில்லை. மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்கள் வழியில் வந்த நாம் பத்து நிமிடத் தாமதத்திற்குப் பதறலாமா?” என்று நம்மில் சிலர் கூறக்கூடும். கேட்பதற்கு இனிய கூற்று. ஆயினும் இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. முனிவர் மெல்ல நடப்பது ஈர்யா சமிதியால். முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, எறும்புக்கும் இடர் நேராதபடி அடியெடுத்து வைக்கிறார். அந்த மெதுநடை பிற உயிர்பால் உள்ள கவனத்தினின்று பிறந்தது. அவர் தாமே ஏற்றது. அதனால் வரும் துன்பத்தையும் தாமே ஏற்கிறார். தம் மெதுநடையால் இன்னொருவரைக் குளிரில் நிற்க வைப்பதில்லை.

ஆகவே மெதுவாகச் செல்லுதல் என்பதே குற்றமன்று. தடம் புரண்ட நிகழ்வுகளுக்குப்பின் ஒட்டாவாவில் வளைவுகளில் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்கள். அதற்காகச் சினந்தவர்களும் உண்டு. எம் கருத்தில் அச்சினம் தகாதது. அறிந்த இடர் இருக்கும்போது மெல்லச் செல்லுதல் ஈர்யா சமிதியின் நிழல் போன்றது; அதனைப் பொறுத்துக்கொள்வதே அறம். ஆனால் டொராண்டோ நகரத்தில் நேர்ந்ததைப் பாருங்கள். ஈழத் தமிழரும் நம் நாட்டினரும் பெருந்தொகையாக வாழும் அந்நகரில், எக்ளின்டன் தெருத் தடத்தின் பணி 2011இல் தொடங்கியது. 2020இல் ஓடும் என்றார்கள். 2025ஆம் ஆண்டு கழியும்வரை ஒரு பயணியும் அதில் ஏறவில்லை. அதே நகரின் ஃபின்ச் மேற்குத் தடம், 10.3 கிலோமீட்டர் நீளமும் 18 நிறுத்தங்களும் உடையது, 2025 டிசம்பர் 7ஆம் நாள் திறக்கப்பட்டது. சாலைச் சந்திப்புகளில் நூற்றுக்கணக்கான மக்களைச் சுமந்த வண்டி சிவப்பு விளக்குக்கு நிற்க, ஓரிருவர் அமர்ந்த கார்கள் முதலில் திரும்பிச் சென்றன. முன்பு ஓடிய பேருந்தே தேவலாம் என்று மக்கள் கூறினர். வண்டிக்கு இணையாக நடைபாதையில் ஓடி அதனை முந்திய ஒருவரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. குரல் எழுந்தபின், ரயிலுக்கு விளக்குகளில் முன்னுரிமை கூட்டவேண்டும் என்று அம்மாநகர மன்றம் அம்மாதமே தீர்மானித்தது. இந்த மெதுநடை எந்த உயிரைக் காத்தது? எறும்பையும் அன்று, மனிதரையும் அன்று. யார் முதலில் செல்லவேண்டும் என்பதை எண்ணிப் பாராமையால் வந்த மெதுநடை அது. கவனத்தால் வரும் தாமதத்தையும் கவனமின்மையால் வரும் தாமதத்தையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் பொறையைப் பற்றிய நம் பேச்சு குழம்பிவிடுகிறது.

இங்கே உபவாசத்தை உவமையாகக் கொள்ளலாம். நாம் அஷ்டமி சதுர்த்தசிகளில் உண்ணாதிருக்கிறோம்; அது தவம். இன்னொருவரை உண்ணவிடாமல் வைத்திருந்தால் அதற்கு உபவாசம் என்ற பெயரில்லை. அஹிம்சா அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தில் படியும் மாசுகளை, ரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும் அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பிலும் படித்தவர்கள் நினைவுகூர்க. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் ஆகியவற்றோடு மிகுசுமை ஏற்றுதலும், ஊணும் நீரும் தடுத்தலும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. உழவுக் குடியினராகிய நம் முன்னோர் இதனை ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. ஏர் பூட்டிய மாட்டுக்கு நேரத்தில் தீனி வைக்காமல், வேறு வேலையில் மூழ்கிவிட்டேன் என்று கூறினால் வீட்டுப் பெரியவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். மாட்டை வருத்தவேண்டும் என்று நான் கருதவில்லையே என்னும் சமாதானம் அங்கே செல்லாது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு வேராகக் காட்டுவது பிரமாதம், அதாவது மறதியும் அசட்டையும் கஷாயமும் கலந்த விழிப்பின்மை. வெறுப்பில்லாத அசட்டையும் ஹிம்சையின் வாயிலே என்பது நம் சமயத்தின் நுண்மையான கண்டுபிடிப்பு. போல்ட்டை முறுக்க மறந்தவர் எவரையும் வெறுத்தவர் அல்லர்.

சிலர் வேறொரு சமாதானம் கூறுவர்: துன்பத்தைப் பொறுத்தால் வினை உதிரும், ஆகவே காத்திருப்பும் நன்மையே. இதிலும் உண்மை இல்லாமலில்லை. தன் விருப்பின்றி வந்த பசியையும் தாகத்தையும் கலங்காது பொறுப்பவனுக்கு அகாம நிர்ஜரை உண்டு என்று ஆசாரியர்கள் கூறினர். அதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு சிறைப்பட்டவன். நன்று. ஆனால் கைதி பொறுத்ததனால் உதிர்ந்த வினையில் சிறைக்காவலனுக்குப் பங்கு உண்டென்று எந்த நூலிலும் இல்லை. காத்திருப்பவர் தம் மனத்துக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய ஆறுதலை, காக்கவைத்தவர் எடுத்து அவருக்குச் சொல்வது முறையாகாது. வாசலில் கார் நிற்க, அதில் அமர்ந்தபடி நடைமேடையில் நிற்போருக்குப் பொறையை உபதேசிப்பவரையும் இக்கணக்கில் சேர்க்கலாம். அந்நகரங்களில் வசதி உள்ளவர் ரயிலைக் கைவிட்டுக் காருக்குத் திரும்பிவிடுவர். விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவரும், மருத்துவமனையில் முறைப்பணி பார்ப்பவரும், படிப்பதற்கு வந்த பிள்ளைகளுமே எஞ்சி நிற்பர். பொறுப்பதைத் தவிர வேறு வழியில்லாதவரிடத்தே பொறையை வேண்டுவது எளிது.

காலத்தைக் கவர்தல் களவாகுமா என்று அப்பெண் மேலும் கேட்டாள். கொடுக்கப்படாததை எடுத்தல் களவு. காக்கவைத்தவர் கையில் என் அரைமணி நேரம் சென்று சேர்வதில்லை; எனக்கு இல்லாமற் போகிறதேயன்றி அவருக்கு உண்டாவதில்லை. ஆகவே நேர்பொருளில் இதனைக் களவென்று சொல்வது மிகையாகும். சினம் கொண்டோர் வாயில் இச்சொல் எளிதில் வந்துவிடுகிறது. நாம் அதனை அளந்தே பயன்படுத்தவேண்டும். எனினும் அஸ்தேய விரதத்தின் அதிசாரங்களில் ஒன்று எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அது அளவையில் கூட்டியும் குறைத்தும் பிழை செய்தல். வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி வைத்திருக்கும் வணிகன் எவர் வீட்டிலும் புகுந்து திருடவில்லை. ஆயினும் அவன் விரதம் மாசுற்றது என்கிறது நூல்.

ஒட்டாவாவில் நேர்ந்தது இதுவே. ரயிலைக் கட்டியவர்கள் நகரத்திடம் ஒப்படைக்குமுன், 2019ஆம் ஆண்டு கோடையில் 12 நாள் சோதனை ஓட்டம் நடந்தது. குறித்த தொலைவில் எத்தனை விழுக்காடு ஓடி முடிக்கிறது என்பது தேர்வு. தொடக்க நாட்களில் வண்டி சரியாக ஓடவில்லை. தேர்வின் நடுவிலேயே தேர்ச்சி அளவு 98 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாகத் தாழ்த்தப்பட்டது. தாழ்த்தியதை அதிகாரிகள் நகர மன்ற உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கவில்லை. முன்பு 2017இல் பேசி வைத்த அளவு 96 தான், அதற்கே திரும்பினோம் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். அதையும் கூறுவதே நடுநிலை. ஆனால் ஆசிரியப் பயிற்சியின்போது எமக்கு முதலில் கற்பிக்கப்பட்டவற்றுள் ஒன்று, தேர்ச்சி மதிப்பெண் எதுவாயினும் தேர்வுக்கு முன் அறிவிக்கவேண்டும், விடைத்தாள் கைக்கு வந்தபின் அதனைத் தொடலாகாது என்பது. 35 நல்லதா 40 நல்லதா என்பது வேறு விவாதம். பாதித் தாள் திருத்தியபின் ஒரு மாணவனுக்காகக் கோட்டை இறக்கினால், அம்மாணவனுக்கும் நன்மை செய்தோமில்லை. அவனை நம்பி வேலை கொடுக்கப் போகிறவருக்கும் நன்மை செய்தோமில்லை. இறக்கியதைப் பெற்றோரிடம் மறைத்தால் அது இரண்டாவது குற்றம். அளவைப் பிழையோடு அசத்தியமும் சேர்கிறது. இரண்டு விழுக்காடு சிறிதுதானே என்பர். படியின் அடியில் ஒட்டும் மெழுகும் சிறிதுதான்.

பொய்யைப் பற்றியும் ஒரு சொல். பணி முடியும் நாள் என்று அறிவிக்கப்பட்ட நாட்களுள் சில, அறிவித்தவர்களே நம்பத்தகாதவை என்று அறிந்திருந்தவை என அதனை ஆராய்ந்த நீதிபதி பின்னர் எழுதினார். தவணை கூறுவது வாக்கு. நடக்கும் என்று கருதிச் சொல்லி நடவாமற் போனால் அது பிழை. நடவாது என்று அறிந்தே சொல்வது வேறு வகை. இரண்டையும் கேட்பவரால் பிரித்தறிய முடியாது என்பதுதான் இதன் கொடுமை. ‘ஆறு மாதத்தில்’ என்று கேட்டு, அதை நம்பி வாடகை வீட்டை ரயில் நிலையத்தருகே மாற்றிக்கொள்ளும் ஏழைக்கு அது வெறுஞ்சொல் அன்று.

கதவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நடுநிலை தவறியவராவோம். ரயில் ஓடத் தொடங்கிய மறுமாதம், மூடும் கதவை ஒரு பயணி கையால் தடுத்து விரித்தால் அக்கதவு பழுதாகி, வண்டி நின்று, அதன் பின்னால் வரும் வண்டிகளும் வரிசையாக நிற்கும் நிலை ஏற்பட்டது. கதவைத் தடுக்காதீர்கள் என்று பயணியரை வேண்டினர். ‘ஒரு கை பட்டால் நின்றுவிடும் கதவை ஏன் வைத்தீர்கள்’ என்று பயணியர் திருப்பிக் கேட்டனர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவர் அரை நிமிடம் மிச்சப்படுத்த, பல நூறு பேர் அரை மணி இழக்கிறார்கள்; அவருக்கும் அவர்களை வருத்தும் எண்ணமில்லை. வினை மூன்று வழியில் ஒட்டும் என்பது நம் பாலபாடம்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல். கதவைத் தடுத்தவர் முதல் வகை. இயலாத தவணையை நிறைவேற்றுமாறு பணியாளரை விரட்டியவர் இரண்டாம் வகை. கேட்கவேண்டிய இடத்தில் அமர்ந்திருந்தும் கேளாதவர் மூன்றாம் வகை. நெடுநாள் வாளாவிருந்த பயணியும் மூன்றாம் வகையில் ஒரு நூலிழை சேர்கிறாரோ என்ற ஐயமே அப்பெண்ணின் வினாவுக்கு எம் விடையின் தொடக்கம். பொறையென்று நாம் பெயரிட்டு அழைக்கும் ஒன்று சில வேளைகளில் உடன்பாடாக இருந்துவிடக்கூடும்.

அவ்வாறாயின் சினம் கொள்ளலாமா? இங்குதான் நம் நூல்கள் கைகொடுக்கின்றன. சினத்தை அவை ஒரே பொருளாகக் கொள்ளவில்லை, நான்காகப் பகுத்தன. கல்லில் கீறிய கோடு, மண்ணில் கீறிய கோடு, மணலில் கீறிய கோடு, நீரில் கீறிய கோடு என்று. நீர்க்கோட்டின் வாசனை அந்தர்முகூர்த்தம் நிற்கும். மணற்கோடு ஒரு பக்ஷம். மண்கோடு ஆறு திங்கள். கற்கோடு பிறவி கடந்தும் தொடரும். இல்லறத்தார் சினமே கொள்ளாதிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சினம் எந்தக் கோடு என்பதைப் பார்க்கவேண்டும். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். நாம் சாமாயிகத்தில் அமரும் அளவு. நடைமேடையில் எழுந்த சினம் வீட்டு வாசலைத் தாண்டுமுன் கரைந்துவிட்டதா? கரைந்தபின்னும் ‘இது சரியன்று, திருத்தப்படவேண்டும்’ என்ற தெளிவு எஞ்சுகிறதா? எஞ்சினால் அது சினமன்று, அறிவு. அந்த அறிவோடு கூட்டத்திற்குச் செல்லலாம், மனு எழுதலாம், நகர மன்ற உறுப்பினரைக் கேள்வி கேட்கலாம். சினம் கரைந்ததும் அக்கறையும் கரைந்துவிடுமானால், நாம் முதலில் சினந்தது நம் அரைமணி நேரத்திற்காகவே. அடுத்து நிற்பவருக்காக அன்று.

கரையாத சினத்திற்கு இன்னொரு தீங்கு உண்டு. அது உரியவரிடம் செல்வதில்லை. அருகில் இருப்பவர்மேல் விழுகிறது. தவணையை அறிவித்தவர் மாடியில் இருப்பார். தேர்ச்சி அளவைத் தாழ்த்தியவர் அலுவலக அறையில் இருப்பார். கண்ணில் படுபவர் வண்டி ஓட்டுநரும் நிலையத்தில் நிற்கும் கடைநிலைப் பணியாளரும்தான். அவரும் அதே குளிரில் நிற்கிறார். அவர்மேல் வசைமொழி எறிபவர் காக்கவைத்தவரைத் தண்டித்தவராகார். இன்னொரு காத்திருப்பவரை வருத்தியவரே ஆவார். முறையிடச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு யாம் கூறுவது இவ்வொன்றே: கேள்வி மேல்நோக்கிச் செல்லட்டும், கடுஞ்சொல் கீழ்நோக்கி விழவேண்டா.

திருக்குறளை நம் முன்னோர் தம் நூலாகவே போற்றி வந்துள்ளனர். அதில் பொறையுடைமை 16ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. மடியின்மை 61ஆம் அதிகாரம். பொருட்பாலில் அரசியலில் இருக்கிறது. பொறுக்கவேண்டும் என்று இல்லறத்தானுக்குக் கூறிய ஆசிரியர், சோம்பலும் காலம் நீட்டித்தலும் ஆகா என்பதை ஆள்வோருக்குரிய இடத்தில் வைத்தார். ஆள்வோர் தம் அதிகாரத்தை மூடிவைத்துவிட்டுக் குடிமக்களின் அதிகாரத்தை மட்டும் திறந்து படித்துக் காட்டுவதற்கு அந்நூல் இடம் தரவில்லை.

ஒட்டாவா மக்களின் குரல் வீண் போகவில்லை. இரண்டாம் முறை தடம் புரண்டபின், ஒன்டாரியோ மாகாண அரசு 2021 நவம்பரில் பொது விசாரணைக்கு ஆணையிட்டது. நீதிபதி வில்லியம் ஹூரிகன் தலைமையில் 2022ஆம் ஆண்டு கோடையில் வெளிப்படையாக விசாரணை நடந்து, அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் அறிக்கை வெளியாயிற்று. 600 பக்கத்திற்கும் மேற்பட்டது. 103 பரிந்துரைகள் உடையது. தேர்ச்சி அளவு தாழ்ந்த செய்தியும், மன்றத்திற்கு மறைத்த செய்தியும், நடவாத் தவணைகளின் செய்தியும் அதன்வழியேதான் ஊருக்கு உறுதியாகத் தெரிந்தன. பொதுமக்களின் நம்பிக்கைக்குப் பெருங்கேடு செய்யப்பட்டது என்று நீதிபதி ஒளிக்காமல் எழுதினார். எவரையும் சிறைக்கு அனுப்புவது அவ்விசாரணையின் நோக்கமன்று. நடந்ததை நடந்தவாறு சொல்லவைப்பதே நோக்கம். நம் வழக்கில் இதற்கு ஆலோசனை என்று பெயர். செய்த தவற்றைக் குருவின்முன் ஒளிவின்றி உரைத்தல் அது. பிராயச்சித்தம் ஒன்பது வகை என்று எண்ணும்போது அதுவே முதலில் நிற்கிறது.

அந்த ஆலோசனைக்கும் பத்துத் தோஷங்கள் கூறப்பட்டுள்ளன. பிறர் கண்டுவிட்ட தவற்றை மட்டும் சொல்லி, காணாததை விடுதல் ஒன்று. பெரியதைச் சொல்லிச் சிறியதை மறைத்தல் ஒன்று. பெருங்கூச்சலின் நடுவே, குரு காதில் தெளிவாக விழாதவாறு சொல்லுதல் ஒன்று. எந்த நகரத்து அலுவலக அறிக்கையையும் இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம். பொழுது நன்றாகப் போகும். இவற்றுள் முதலாவதற்கு ஆகம்பிதம் என்று பெயர். தண்டனை இலேசாக அமையவேண்டும் என்று கருதி, தவற்றை உரைக்குமுன் குருவுக்குப் பொருள் கொடுத்து அவர் மனத்தை இளகச் செய்தல் அது.

54 நாள் நிறுத்தத்திற்குப்பின் 2021 நவம்பர் 12ஆம் நாள் ரயில் மீண்டும் ஓடியது. பொறுத்திருந்த மக்களுக்காக, அவ்வாண்டு டிசம்பர் மாதம் முழுவதும் ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் வாங்குவதில்லை என்று நகர மன்றம் முடிவு செய்தது. மக்கள் மகிழ்ச்சியோடு ஏறினர், அதில் தவறில்லை. காத்திருந்த காலம் திரும்பிவாராது, கட்டணமாவது திரும்பட்டுமே. 98 எவ்வாறு 96 ஆயிற்று என்னும் செய்தி அவர்கள் காதுக்கு முழுமையாக வந்து சேர, அந்த இலவச மாதம் முடிந்தபின் மேலும் பதினொரு மாதங்கள் ஆயின. அதுவும் செய்தவர் தாமாக முன்வந்து உரைத்ததன்று, நீதிபதி கேட்டு வாங்கியது.